அரைவிலைக்கு எடுத்த தலைப்பா

உலகத்தில் எந்தப் பொருளையும் அதன் விலைக்கு வாங்காமலே அறுபது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார். நல்லூர்ப் பக்கம் வந்து 'அரைவிலை அண்ணை வீடு எது?' என்று கேட்டால் பேச்சு வராத பிள்ளையும் கையை நீட்டிக் காட்டும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. சோதனைச் சாவடியில் நிற்பவர்களைத் தவிர வேறொருவரும் அதை வாசித்ததில்லை.

அவருடைய வியாபாரத் தந்திரம் மிகவும் ஆழமானது. கடைக்காரன் விலை சொல்வான். அண்ணை, "அரைவிலைக்குத் தாறியோ?" என்று கேட்பார். அவ்வளவுதான் தந்திரம். கூடக் குறையச் சொல்வது, முகம் சுளிப்பது, போவதுபோலப் போய்த் திரும்பி வருவது எல்லாம் அவருக்குக் கேவலம். கடைக்காரன் மறுத்தால் அங்கேயே நிற்பார். வெயில் சாய்ந்தாலும் நிற்பார். கத்தரிக்காய், நல்லெண்ணெய், சைக்கிள் ரியூப் எல்லாம் இப்படித்தான் அவர் வீட்டுக்குப் போயின. ஒருமுறை பல்லுப் பிடுங்கப் போன இடத்திலும் கேட்டார். பல்வைத்தியர் கோபத்தில், "அப்ப அரைப் பல்லைப் பிடுங்கி விடட்டோ?" என்றார். அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார் என்று கூடப் போனவர்கள் சொல்கிறார்கள்.

இதில் பெரிய பகிடி, அவர் பார்த்த உத்தியோகம். எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அவர்தான் மனேச்சர். சங்கக்கடையில் எல்லாம் கட்டின விலை. யாராவது ஒரு மனுசி வாய் தவறி, "சீனியிலை கொஞ்சம் குறைக்கேலாதோ அண்ணை?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "இதென்ன, சந்தையே? சங்கத்தின்ரை விலையிலை கைவைக்க நீர் ஆர்? வெக்கமா இல்லையோ பேரம் பேச?" என்று முழு ஒழுங்கைக்கும் கேட்கக் கத்துவார். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு, அதே வாயோடு சந்தைக்குப் போவார்.

இந்தப் பெருமகனை நாங்கள் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எங்களுடைய புத்தி அப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, சவர்க்காரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஆனால் ஜேர்மனி மாப்பிள்ளை மட்டும் தாராளமாகக் கிடைத்தார். அக்காவுக்கும் ஒருவர் பொருந்தினார். மாப்பிள்ளை அகதியாகப் பதிந்தவர், இலங்கைக்கு வரமுடியாது. ஆகவே கலியாணம் திருச்சியில். அந்தக் காலத்தில் இங்கே இருந்த பாதிப் பெண்பிள்ளைகளுக்குத் தாலி ஏறியது அங்கேதான்.

ஐயா வாத்தியார். வட்டுக்கோட்டையில் இருந்த தோட்டக்காணியை விற்றுக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் விற்க ஒன்றும் இல்லை. மண்டபம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் அதற்குள் முடியவேண்டும். "எது குறைஞ்சாலும் பரவாயில்லை. சம்பந்தி வீட்டிலை கைநீட்டுற நிலை மட்டும் வரக்கூடாது. பிறகு என்ரை பிள்ளை அந்த வீட்டிலை தலைநிமிந்து நிக்கேலாது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் ஐயாவுக்குக் கடையில் கதைக்கத் தெரியாது. விலை கேட்பார், சொன்னதைக் கொடுப்பார், நன்றியும் சொல்வார். அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னா. "அரைவிலை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? அவரின்ரை பயணச் செலவைச் சாமானிலை பிடிச்சுத் தந்திடுவார்."

அண்ணை உடனே சம்மதித்தார். "போக்குவரத்துச் செலவு முழுக்க உங்கடை. அதிலை நான் அரைவிலை கதைக்கேல்லை, பாத்தியளே" என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

வெளிக்கிடுகிற நேரம் ஐயா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மாப்பிள்ளைத் தலைப்பா. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் மாப்பிள்ளை தலைப்பாவோடுதான் மணவறைக்கு வரவேண்டும். பெண்ணின் தம்பி தோழனாகப் பக்கத்தில் இருப்பான், அவனுக்கும் ஒன்று. இந்த முறை அந்தத் தோழன் நான். அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"உந்தப் பெட்டியை ஏன் மாஸ்ரர் காவிறியள்? கிளாலிக் கடல் தாண்டேக்கை நனைஞ்சு நாசமாப் போகும். இந்தியாவிலை தெருவுக்குத் தெரு கலியாணம். அங்கை இல்லாத தலைப்பாவே? நான் அரைவிலைக்கு எடுத்துத் தாறன்."

ஐயா தகரப் பெட்டியைத் திரும்பவும் அலுமாரிக்கு மேல் வைத்தார். படித்த மனிதர்கள் இப்படித்தான் கெட்டுப் போகிறார்கள்.

பயணத்தைச் சொன்னால் அது தனிப் புராணம். வள்ளக்காரனிடம் அரைவிலை கேட்டார். வவுனியா வான்காரனிடம் கேட்டார். கொழும்பில் விமான ரிக்கற் விற்றவரிடம் கேட்டார். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். விமானத்துக்குள் ஒரு பெண்பிள்ளை சாப்பாட்டுத் தட்டை நீட்டியதும் அண்ணை, "என்ன விலை பிள்ளை?" என்றார். விலை இல்லை, சும்மாதான் என்றது அந்தப் பிள்ளை. அந்த மனிசன் திகைத்துப் போனதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். திருச்சியில் இறங்கும்வரை, "சும்மா எண்டால் அதிலை அரைவாசி எப்பிடிக் கேக்கிறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

திருச்சி லொட்ஜில் எங்களுக்கு முதல் அதிசயம் கரண்ட். அம்மா விசிறியைப் போட்டா, நிப்பாட்டினா, திரும்பவும் போட்டா. அண்ணையோ நடைபாதை முழுவதும் போய் எரிகிற பல்பை எல்லாம் அணைத்துவிட்டு வந்தார். "ஆளில்லாத இடத்திலை ஏன் எரியுது? விசரங்கள்!" இரண்டு மாடி இருட்டானதும் லொட்ஜ் மனேச்சர் மேலே ஓடி வந்தார். பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அதே கதை. அண்ணை ஐந்து பேருக்கும் அரை ரிக்கற் கேட்டார். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "அரை டிக்கெட் சின்னப் பசங்களுக்குத்தான் சார். இதுல யார் சார் சின்னப் பையன்?" என்றார். அண்ணை கொஞ்சமும் யோசிக்காமல் ஐயாவைக் காட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, புடவைக்கடையில் அந்த மனிசன் வென்றார். கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "கட்டுப்படியாகாது சார்" என்றார்கள். அண்ணை பாயில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார். கடைக்காரன் கொடுத்த கலரைக் குடித்தார். இன்னொரு கலர் கேட்டுக் குடித்தார். பின்னேரம் விளக்குக் கொளுத்துகிற நேரத்துக்கு, "இவரை யாராவது கூட்டிட்டுப் போங்க" என்று முதலாளியே எழும்பி வந்து சேலைகளைக் கட்டிக் கொடுத்தார். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐயா இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

தலைப்பாவில்தான் வந்தது வினை.

முதல் கடையில் அண்ணை, "தலைப்பா இருக்கோ?" என்றார். அவர்கள் துவாய்த் துண்டை எடுத்துப் போட்டார்கள். "இது இல்லை. மாப்பிள்ளைக்குத் தலைப்பா" என்றார். கடைப்பையன் மரியாதையோடு கேட்டான்: "மாப்பிள்ளை பஞ்சாபியா சார்?" அடுத்த கடையில், "குதிரையில வர்றாரா சார்?" என்றார்கள். அதற்கு அடுத்த கடையில் பாண்ட் வாத்தியக்காரர்கள் போடுகிற தொப்பியைக் காட்டினார்கள். மூன்று நாள் தேடியபிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த ஊரில் மாப்பிள்ளைமார் தலையில் ஒன்றும் இல்லாமலே கலியாணம் முடிக்கிறார்கள். உலகத்துத் தமிழரெல்லாம் தலைப்பாவோடுதான் தாலி கட்டுகிறார்கள் என்று நாங்கள் பிறந்த நாளிலிருந்து நம்பியிருந்தோம்.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளையின் தாய் லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தா. ஊர்ப் பெருமையும் சடங்கும் பார்க்கிற உடுப்பிட்டிப் பிறப்பு. ஜேர்மனிக்குப் போனபிறகு ஊரில் இருந்ததைவிட இருமடங்கு உடுப்பிட்டியாக மாறிவிட்டவ. "மற்றதெல்லாம் உங்கடை விருப்பம் மாஸ்ரர். தலைப்பா மட்டும் வடிவா இருக்கவேணும். இஞ்சை வீடியோ பாக்கிற சனம் முதல்லை தலையைத்தான் பாக்கும். உங்களுக்கு வசதி இல்லையெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் காசு போட்டு மெட்ராசிலை எடுப்பிக்கிறம்."

"இல்லை இல்லை, எல்லாம் ஆயத்தம்" என்றார் ஐயா. போனை வைத்துவிட்டுக் கையில் மிச்சமிருந்த காசை எண்ணத் தொடங்கினார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அரைவிலை அண்ணை என்னைப் பிடித்து இருத்தி, ஒரு சால்வையை எடுத்து என் தலையில் தலைப்பா கட்டிப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தேன். கடுமையான பல்லுவலிக்காரன் ஒருவன் தெரிந்தான்.

"நான் சொல்லித்தானே மாஸ்ரர் பெட்டியை வைச்சிட்டு வந்தனியள். நான் கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைப் போட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அது இருந்தது. நாடக உடுப்பு வாடகைக்கு விடுகிற கடை. உள்ளே கதாயுதங்கள், தாடிகள், தகடு ஒட்டின மார்க்கவசங்கள். நடுவில் ஒரு மெலிந்த மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். மேல்தட்டில் வரிசையாகத் தலைப்பாக்கள்! கல்லும் முத்தும் குஞ்சமும் வைத்து, எங்கள் ஊர்த் தலைப்பாவுக்கு அண்ணன்மார்போல நின்றன.

"ராஜா தலைப்பாவா சார், மந்திரி தலைப்பாவா?"

"மாப்பிள்ளைக்கு ராசா. தோழனுக்கு..." அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். "இவனுக்கு எதுக்கு மந்திரி? அதுக்கும் கீழை ஏதும் இருக்கோ?"

"சேவகன் இருக்கு."

"அது காணும்."

இப்படித்தான் என் ஒரே அக்காவின் கலியாணத்தில் நான் அரண்மனைக் காவல்காரனாக நியமனம் பெற்றேன்.

பிறகு வாடகை. அண்ணை அரைவிலை கேட்டார். நாடகக்காரர் மறுத்தார். அண்ணை நின்றார். நாடகக்காரரும் சளைத்தவரில்லை, இரவிரவாக மேடையில் நின்று பழகினவர். கடைசியில் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "சரி சார், பாதி வாடகை. ஆனா பாதி நாள்தான். ராத்திரி வெளியூர்ல நாடகம், மத்தியானம் வண்டி கிளம்புது. பன்னெண்டு மணிக்குத் தலைப்பா என் கையில இருக்கணும். இல்லேன்னா நானே மண்டபத்துக்கு வந்துடுவேன்."

"பத்தரைக்கு முகூர்த்தம் தொடங்குது. பதினொண்டுக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்றார் அண்ணை. திரும்பி வரும்போது என் தோளில் தட்டி, "கண்டியோ? அரைவிலை!" என்றார். சம்பந்தி வீட்டுக்கு இது வாடகைத் தலைப்பா என்று தெரியக்கூடாது என்று ஐயா எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்.

கலியாணத்தன்று பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரவே இல்லை. பதினொன்றுக்கு வந்தார்கள். வந்தபிறகு வீடியோக்காரர் மாப்பிள்ளையை வாசலில் மூன்று முறை நடக்கவிட்டு எடுத்தார். தலைப்பாவைப் பார்த்த சம்பந்தி அம்மா, "என்ன வடிவு! இப்பிடிக் கல்லு வைச்சது இப்ப எங்கை கிடைக்குது!" என்று கன்னத்தில் கை வைத்தா. ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். தாலி ஏறியபோது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. இனிச் சனம் வரிசையாக வந்து அறுகரிசி போட்டு வாழ்த்தவேண்டும். அதுவரை தலைப்பா இறங்காது.

பன்னிரண்டு அடித்தது. மண்டப வாசலில் நாடகக்காரர் வந்து நின்றார். முதலில் கையால் தலையைத் தொட்டுக் காட்டினார். பிறகு மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு மணவறையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

"ஆர் உந்த மனிசன்? ஏன் மாப்பிள்ளையைப் பாத்துக்கொண்டு வாறார்?" என்று சம்பந்தி அம்மா கேட்டா. ஐயாவின் முகத்தில் இரத்தம் இல்லை. அக்கா குனிந்த தலையோடு என்னைக் கண்ணால் பார்த்தா.

"மேளம்! கெட்டிமேளம்!" என்று ஒரு சத்தம் கேட்டது. அரைவிலை அண்ணை ஒரு தட்டத்தில் தேங்காய், வெற்றிலை, பூ எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு முன்னால் நின்றார். "தலைப்பா இறக்கல்! நேரம் வந்திட்டுது. மாப்பிள்ளையின்ரை அம்மா முன்னுக்கு வாங்கோ!"

மேளகாரர் அடித்தார்கள். ஐயர் திருச்சிக்காரர், இது ஏதோ இலங்கைச் சடங்கு என்று எழும்பி வழிவிட்டார். சம்பந்தி அம்மா மட்டும் தயங்கினா. "உப்பிடி ஒண்டு எங்கடை உடுப்பிட்டியிலை இல்லையே?"

"அங்கை இல்லையோ?" என்றார் அண்ணை, மிகுந்த அனுதாபத்தோடு. "நல்லூர்ப் பக்கம் இது இல்லாமல் கலியாணம் நிறைவேறாது அம்மா. மாப்பிள்ளை ராசாவா வந்தவர். தாலி கட்டினாப் பிறகு அவர் ராசா இல்லை, புருசன். முடியை இறக்கி வைச்சிட்டுத்தான் பெண்சாதியோடை வாழத் தொடங்கவேணும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், பின்தங்கக் கூடாதென்று, "எங்களுக்கும் முந்தி இருந்தது. பிறகுதான் விட்டிட்டினம்" என்றார். போதாதா? சம்பந்தி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தா. மாப்பிள்ளை தலையைக் குனித்தார். அண்ணை இரண்டு கையாலும் தலைப்பாவைத் தூக்கித் தட்டத்தில் வைத்தார். நான்கைந்து பெண்கள் விம்மினார்கள். வீடியோக்காரர் கதிரையில் ஏறி நின்று எடுத்தார். என் தலையில் இருந்ததை யாரோ பின்னால் நின்று உருவினார்கள். சேவகனுக்கு மேளம் கிடையாது.

"இவர்தான் தலைப்பா ஏற்கிறவர்" என்று அண்ணை நாடகக்காரரை முன்னுக்குத் தள்ளினார். நாடகக்காரர் லேசுப்பட்டவரா? ஒரு கணத்தில் விளங்கிக்கொண்டார். கண்ணை மூடி, தட்டத்தை நெற்றிக்கு நேரே உயர்த்தி, மேடையில் நடப்பதுபோல அடிமேல் அடிவைத்து நடந்தார். சம்பந்தி அம்மா உருகிப்போய்க் கைப்பையைத் திறந்து, தட்டத்தில் ஜேர்மன் காசுத் தாள்களை வைத்தா. அதைப் பார்த்து மற்றச் சொந்தக்காரரும் வைத்தார்கள். வாடகைக்குச் சொன்ன முழு விலையையும் தாண்டிப் பல மடங்கு அந்தத் தட்டத்தில் விழுந்தது.

எங்கள் மானம் தப்பியது. அரைவிலை அண்ணை மண்டபத்துத் தூணோடு சாய்ந்து நின்று கண்ணீர் விட்டார். சம்பந்தி வீட்டார் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். நான் கிட்டப் போனேன். "அரைவிலைக்குப் பேசினனான்ரா," என்றார். "அவன் அவ்வளவத்தையும் கொண்டு போறான், பாத்தியோ?"

ஊருக்குத் திரும்பினோம். ஐயா ஒரு சதம் கடன் படவில்லை. அக்கா ஜேர்மனிக்குப் போனா. சங்கக்கடை திரும்பவும் கட்டின விலைக்குத் திறந்தது.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் கொஞ்சக் காலம் சண்டை ஓய்ந்திருந்தது. அக்காவிடமிருந்து ஒரு வீடியோ கசெற் வந்து சேர்ந்தது. அத்தானின் தம்பிக்கு ஜேர்மனியில் நடந்த கலியாணம். ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுக்க எங்கள் முற்றத்தில் இருந்து பார்த்தோம். தாலி கட்டி முடிந்தது. ஒருவர் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, எமது முன்னோர் காத்துத் தந்த தலைப்பா இறக்கல் சடங்கு நடைபெறும்."

மேளம் முழங்கியது. சம்பந்தி அம்மா முன்னுக்கு நின்று எல்லோரையும் அதட்டி நடத்தினா. தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் அக்கா. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றா. நல்ல சந்தோசமாக இருக்கிறா என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.

முற்றத்தில் இருந்த அவ்வளவு தலையும் அரைவிலை அண்ணையின் பக்கம் திரும்பியது. அவர் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"பிழையாச் செய்யிறாங்கள்," என்றார். "ஒற்றைக் கையாலையே தூக்கிறது? இரண்டு கையும் வேணுமெல்லோ." பிறகு மெல்ல, "பிள்ளை கொஞ்சம் கொழுத்திருக்கிறாள், என்ன மாஸ்ரர்?" என்றார். ஐயா அவருடைய கையைப் பிடித்தார். அண்ணை விட்ட பிறகும் ஐயா பிடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருடக் கடைசியில் திரும்பவும் சண்டை முற்றி, யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. ஒழுங்கை ஒரே இரவில் வெறுமையானது. அண்ணை தென்மராட்சிப் பக்கம் போனார் என்றார்கள், பிறகு வன்னி என்றார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. நான் விசாரிக்காத ஆள் இல்லை.

இப்போது எங்கள் சனம் போன நாடெல்லாம் கலியாணம் நடக்கிறது. சில மண்டபங்களில் தாலி கட்டினபிறகு மேளம் முழங்க, தலைப்பாவை இறக்குகிறார்கள். அந்த நேரம் நான் கதிரையை விட்டு எழும்பி நிற்பேன். பக்கத்தில் இருப்பவர்கள், "உங்களுக்குச் சம்பிரதாயத்திலை நல்ல பக்தி" என்று மெச்சுவார்கள். ஓம் என்று தலையாட்டுவேன். எனக்கு எந்தச் சம்பிரதாயத்திலும் பக்தி கிடையாது. அந்த மனிசனில்தான்.